ஃபெரோ: ஓர் இலத்தீன் வினைச்சொல்லின் பொருள், பிறப்பு, வடிவங்கள் – முழுமையான வழிகாட்டி

இலத்தீன் அகராதியில் ‘சுமத்தல்’ என்ற பொருளுக்குரிய வினையைத் தேடுபவர் காணும் பதிவு இப்படித் தொடங்கும்: ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாத்தும். இவை ஒரே வினையின் நான்கு முதன்மை வடிவங்கள் என்று இலக்கண நூல் சொல்கிறது. ஆனால் முதல் இரண்டைத் தவிர மற்றவற்றில் ஒன்றுக்கொன்று உறவு இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான பாடநூல்கள் இதை ‘ஒழுங்கற்ற வினை, மனப்பாடம் செய்க’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அது மாணவரை வீணாக அலைக்கழிக்கும் வழி என்பது என் கருத்து. இங்கே இருப்பது ஒழுங்கின்மை அன்று. இரண்டு பழைய வேர்கள், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பி, ஒரே வினையாக நடக்கின்றன. அந்த இரண்டு வேர்களையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், இதன் வடிவங்களில் பெரும்பகுதி தாமாகவே விளங்கிவிடும். சட்டம், மருத்துவம், உயிரியல், இறையியல், மொழியியல் ஆகியவற்றைப் படிப்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் பல கலைச்சொற்களும் கூடவே விளங்கும்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. தமிழில் எ, ஏ, ஒ, ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு உண்டு; இலத்தீனிலும் உண்டு. ஆகவே ரோமன் எழுத்தின்மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டிய நெடிலைத் தமிழ் எழுத்து இயல்பாகவே காட்டிவிடுகிறது. மெய்யெழுத்துகளில்தான் இடர். உயிர்களுக்கு இடையே வரும் தனித் தகரம் தமிழில் மெலிந்து ஒலிப்பதால், வல்லொலியைக் காட்ட இரட்டித்து ‘லாத்தும்’ என்று எழுதியிருக்கிறேன். இலத்தீனில் அது ஒற்றை எழுத்தே. உண்மையிலேயே இரட்டிக்கும் இடம் வரும்போது அதைத் தனியே சுட்டுவேன்.

முதல் படி: அகராதிப் பதிவைப் படித்தல்

தமிழ் அகராதியில் வினையின் அடிச்சொல்லோ தொழிற்பெயரோ தலைச்சொல்லாக நிற்கும். இலத்தீன் அகராதியில் தலைச்சொல்லாக நிற்பது தன்மை ஒருமை நிகழ்கால வினைமுற்று. ஆகவே ‘ஃபெரோ’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘சுமக்கிறேன்’. அடுத்து வரும் ‘ஃபெர்ரெ’ என்பது ‘சுமக்க’ அல்லது ‘சுமத்தல்’ என்ற பொருள் தரும் எச்ச வடிவம். மூன்றாவதான ‘துலீ’ செயல் முடிந்ததைக் காட்டும் இறந்தகாலத் தன்மை ஒருமை, அதாவது ‘சுமந்தேன்’. நான்காவதான ‘லாத்தும்’ சுபைன் எனப்படும் வடிவம். ‘சுமப்பதற்காக’ என்ற நோக்கப் பொருளில் வரும். அதன் தனிப் பயன்பாடு குறைவு. ஆனால் ‘சுமக்கப்பட்ட’ என்ற பொருளுடைய எச்சமான ‘லாத்துஸ்’ இதே அடியில் பிறப்பதால், அகராதி இதைக் கட்டாயம் தருகிறது.

ஒழுங்கான வினையொன்றை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். ‘அன்பு செய்கிறேன்’ என்பதற்கு அமோ, அமாரெ, அமாவீ, அமாத்தும். நான்கிலும் ‘அம’ என்ற அடி நிற்கிறது. ஃபெரோவில் அடி மாறுகிறது. தமிழில் வா, வருகிறேன், வந்தேன் என்பவை வேறுவேறாகத் தோன்றினாலும் அவை ஒரே அடியின் திரிபுகள். இலத்தீனில் நடந்திருப்பது அதுவன்று. ஆங்கிலத்தில் ‘கோ’ என்ற வினைக்கு இறந்தகாலமாக ‘வெண்ட்’ என்று வருவது எப்படி ‘வெண்டு’ என்ற வேறொரு வினையிலிருந்து எடுத்துக்கொண்டதோ, அப்படிப்பட்ட மாற்றம் இது.

இரண்டாம் படி: மூன்று அடிகளைப் பிரித்து வைத்தல்

தாளில் கோடு கிழித்து மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியின் தலையில் ‘ஃபெர்’ என்றும், இரண்டாவதில் ‘துல்’ என்றும், மூன்றாவதில் ‘லாத்’ என்றும் எழுதுங்கள். செயல் நடந்துகொண்டிருப்பதையோ இனி நடக்கப்போவதையோ சொல்லும் வடிவங்கள் அனைத்தும் முதல் பத்திக்குள் வரும்: நிகழ்காலம், தொடர் இறந்தகாலம், எதிர்காலம், ஏவல், ‘சுமக்கிற’ என்ற எச்சம். செய்வினையில் செயல் முடிந்ததைச் சொல்பவை இரண்டாம் பத்தி: சுமந்தேன், சுமந்திருந்தேன், சுமந்திருப்பேன். செயப்பாட்டில் முடிந்த நிலையைச் சொல்பவையும், ‘சுமக்கப்போகிற’ என்று பொருள்படும் ‘லாத்தூருஸ்’ என்ற எதிர்கால எச்சமும் மூன்றாம் பத்தி. ஒரு நூலில் எந்த வடிவத்தைக் கண்டாலும், அது எந்தப் பத்திக்குரியது என்று கேட்பதே முதல் வேலை.

மூன்றாம் படி: வடிவங்களைத் திரித்தல்

நிகழ்காலச் செய்வினை இது: ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ஸ் (சுமக்கிறாய்), ஃபெர்த் (சுமக்கிறான், சுமக்கிறாள், சுமக்கிறது), ஃபெரிமுஸ் (சுமக்கிறோம்), ஃபெர்த்திஸ் (சுமக்கிறீர்கள்), ஃபெருந்த் (சுமக்கிறார்கள், சுமக்கின்றன). இலத்தீன் வினைமுற்று தமிழைப் போலவே எழுவாயைத் தன் விகுதிக்குள் வைத்திருப்பதால், ‘நான்’, ‘நீ’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படர்க்கையில் ஆண், பெண், அஃறிணை வேறுபாடு அதற்கு இல்லை. தமிழாக்கும்போது சூழலைப் பார்த்துத்தான் விகுதி போட வேண்டும்.

இந்த ஆறு வடிவங்களில் மூன்றை மட்டும் உற்று நோக்குங்கள். இலத்தீன் வினைகளை அவை திரியும் முறைப்படி நான்கு வகைகளாகப் பிரிப்பார்கள்; ‘ஆள்கிறேன்’ என்ற பொருளுடைய ‘ரெகோ’ அவற்றில் மூன்றாம் வகைக்கு நல்ல மாதிரி. அது ரெகிஸ், ரெகித், ரெகித்திஸ் என்று விகுதிக்கு முன் ஓர் இகரம் ஏற்கும். ஃபெரோவில் அந்த இகரம் இல்லை: ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்த்திஸ். ஆனால் ‘ஃபெரிமுஸ்’ என்ற தன்மைப் பன்மையில் இகரம் இருக்கிறது. விகுதி சகரத்திலோ தகரத்திலோ தொடங்கினால் உயிர் விழும், மகரத்தில் தொடங்கினால் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த உயிர் பின்னால் தேய்ந்துபோனதா, தொடக்கத்திலேயே இல்லையா என்பதில் மொழியியலாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. இருக்கு வேதத்தில் ‘பரதி’ என்ற வழக்கமான வடிவத்துடன் உயிரில்லாத ‘பர்தி’யும் காணப்படுவதை இரண்டாம் கட்சியினர் சான்றாகக் காட்டுவார்கள்.

‘ஃபெர்ரெ’யில் வரும் இரட்டை ரகரமும் இதே காரணத்தால் வந்தது. எச்ச விகுதி முதலில் ‘செ’ என்று இருந்தது. ‘இருக்க’ என்ற பொருளுடைய ‘எஸ்ஸெ’யில் அது இன்றும் அப்படியே நிற்கிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் சிக்கிய சகரம் பழைய இலத்தீனில் ரகரமாக மாறியதால் ‘ரெகெரெ’ என்றானது. ஃபெரோவில் நடுவே உயிர் இல்லாததால் ‘ஃபெர் செ’ என்பது ஓரினமாகி ‘ஃபெர்ரெ’ ஆயிற்று. நம் புணர்ச்சி இலக்கணத்தில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தொடர் இறந்தகாலம் ஃபெரேபம், ஃபெரேபாஸ் என்று ஒழுங்காகவே செல்லும்; அதில் நிற்க வேண்டியதில்லை. எதிர்காலம் ஃபெரம், ஃபெரேஸ், ஃபெரெத், ஃபெரேமுஸ், ஃபெரேத்திஸ், ஃபெரெந்த். இதனருகிலேயே சப்ஜங்டிவ் என்னும் வகை வருகிறது. வியங்கோள், ஐயம், நோக்கம், நிபந்தனை ஆகியவற்றை இலத்தீன் இதனால் சொல்லும். அதன் நிகழ்காலம் ஃபெரம், ஃபெராஸ், ஃபெரத், ஃபெராமுஸ், ஃபெராத்திஸ், ஃபெரந்த். தன்மை ஒருமையில் இரண்டும் ஒன்றே. ‘சுமப்பேன்’ என்றா ‘சுமப்பேனாக’ என்றா பொருள் கொள்வது என்பதைச் சொற்றொடர்தான் தீர்மானிக்கும். மற்ற ஐந்து இடங்களிலும் ஏகாரம் இருந்தால் எதிர்காலம், ஆகாரம் இருந்தால் சப்ஜங்டிவ். விகுதியிலுள்ள தகரமும் நகரமும் முன்னுள்ள நெடிலைக் குறுக்கிவிடுவதால் படர்க்கையில் அவை எகர அகரங்களாகத் தெரியும்.

ஏவலில் ஒருமை ‘ஃபெர்’, பன்மை ‘ஃபெர்த்தெ’. வழக்கமாக ஏவல் ஒருமை எகரத்தில் முடியும். ‘சொல்’ என்னும் தீக், ‘நடத்து’ என்னும் தூக், ‘செய்’ என்னும் ஃபக் ஆகிய மூன்றும் இதனோடு சேர்ந்து எகரத்தை இழந்தவை. நாள்தோறும் புழங்கும் கட்டளைச் சொற்கள் தேய்வது எந்த மொழிக்கும் இயல்பு.

செயப்பாட்டு நிகழ்காலம் ஃபெரொர், ஃபெர்ரிஸ், ஃபெர்த்துர், ஃபெரிமுர், ஃபெரிமினீ, ஃபெருந்துர். ‘சுமக்கப்பட’ என்ற எச்சம் ஃபெர்ரீ. முடிந்த இறந்தகாலம் துலீ, துலிஸ்தீ, துலித், துலிமுஸ், துலிஸ்திஸ், துலேருந்த் என்று எவ்விதச் சிக்கலுமின்றி நடக்கிறது. ‘சுமந்திருந்தேன்’ துலெரம், ‘சுமந்திருப்பேன்’ துலெரோ. ‘சுமக்கப்பட்டேன்’ என்பதற்கு எச்சத்தோடு ‘இரு’ என்ற வினையைச் சேர்த்து ‘லாத்துஸ் சும்’ என்பார்கள். பேசுபவர் பெண்ணானால் ‘லாத்தா சும்’. ‘சுமக்கத்தக்க’ என்ற பொருளில் வருவது ‘ஃபெரெந்துஸ்’. கடைசியாகச் சொன்ன இந்த வகை வடிவத்தை நினைவில் வையுங்கள். பொது வாக்கெடுப்பைக் குறிக்கும் ‘ரெஃபரண்டம்’ என்ற சொல் இதே அச்சில் பிறந்ததுதான். ‘மக்களிடம் கொண்டு செல்லப்பட வேண்டியது’ என்பது அதன் சொற்பொருள்.

நான்காம் படி: பொருளின் விரிவைத் தொடர்தல்

தோளில் சுமத்தல் என்பதே அடிப்படைப் பொருள். அங்கிருந்து ‘கொண்டுவருதல்’, ‘கொண்டுபோதல்’ என்று நீள்கிறது. நிலம் பயிரைச் சுமக்கிறது, மரம் கனியைச் சுமக்கிறது என்பதால் ‘விளைவித்தல்’ என்ற பொருளும் வருகிறது. வளமான மண்ணைக் குறிக்கும் ‘ஃபெர்த்திலிஸ்’ இதில் பிறந்தது. உரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதன் வழியே வந்ததே.

அடுத்தது ‘பொறுத்தல்’. தமிழர்களுக்கு இந்தப் பொருள் விரிவை விளக்க வேண்டியதே இல்லை. ‘பொறை’ என்றால் சுமையும் உண்டு, பொறுமையும் உண்டு. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்’ என்று குறள் சொல்லும்போது ‘தாங்கும்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. இலத்தீனில் இந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு வினையடையோடு சேர்ந்து வரும். ‘ஐக்ரே ஃபெர்ரெ’ என்றால் மனம் நோக ஏற்றல். ‘மொலெஸ்தே ஃபெர்ரெ’ என்றால் எரிச்சலோடு ஏற்றல். ‘ஐக்குவோ அனிமோ ஃபெர்ரெ’ என்றால் சமநிலை குலையாத மனத்தோடு ஏற்றல். சிசரோவின் கடிதங்களைப் படிப்பவர் இத்தகைய தொடர்களைத் திரும்பத் திரும்பக் காண்பார். அங்கெல்லாம் ‘சுமக்கிறேன்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

மூன்றாவது கிளை ‘சொல்லுதல்’. செய்தியைக் கொண்டுவருபவன் சொல்பவனாகிறான். படர்க்கைப் பன்மையான ‘ஃபெருந்த்’ எழுவாயில்லாமல் தனித்து நின்றால், ‘என்று சொல்கிறார்கள்’ என்று பொருள். தொல்காப்பியத்தில் ‘என்ப’ நிற்கும் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. செயப்பாட்டான ‘ஃபெர்த்துர்’ அதே வேலையை ஒருமையில் செய்யும்: ‘அவன் இவ்வாறு செய்ததாகக் கூறப்படுகிறது’.

பொதுவாழ்வில் இந்தச் சொல் வகித்த இடம் பெரிது. ‘லேகெம் ஃபெர்ரெ’ என்றால் சட்ட முன்வடிவை மக்கள் மன்றத்தின் முன் வைத்தல்; ‘சுஃப்ராகியும் ஃபெர்ரெ’ என்றால் வாக்களித்தல். சட்டத்தை முன்வைப்பவர் ‘லேகிஸ் லாத்தோர்’. இங்கே மூன்றாம் பத்தியின் ‘லாத்’ அடி வருவதைக் கவனியுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் குறிக்கும் ‘லெஜிஸ்லேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி இதுதான்.

இவை தவிர, பாதை ஓரிடத்துக்கு இட்டுச்செல்வதும் மனம் ஒருவரை உந்துவதும் இதே வினையால் சொல்லப்படும். ஓவிட் தம் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ நூலைத் தொடங்கும்போது ‘ஃபெர்த் அனிமுஸ்’ என்கிறார்: உருமாறியவற்றைப் பாட என் மனம் என்னை உந்துகிறது என்பது கருத்து.

ஒரே ஒரு தொடரை அருகில் வைத்துப் பிரித்துப் பார்ப்போம். வர்ஜிலின் ‘ஈனியிட்’ இரண்டாம் காண்டத்தில், திராய் நகரின் வாயிலில் நிற்கும் மரக்குதிரையைக் கண்டு லாவோகோவன் என்ற பூசாரி சொல்வது: ‘திமேயோ தனவோஸ் எத் தோனா ஃபெரெந்தேஸ்’. ‘திமேயோ’ என்றால் அஞ்சுகிறேன். ‘தனவோஸ்’ என்றால் கிரேக்கரை. இரண்டாம் வேற்றுமைப் பன்மை. ‘ஃபெரெந்தேஸ்’ என்பது ‘கொண்டுவருகிற’ என்னும் நிகழ்கால எச்சம். அதுவும் இரண்டாம் வேற்றுமைப் பன்மையில் நிற்பதால் கிரேக்கரைத் தழுவுகிறது. தமிழில் பெயரெச்சம் வேற்றுமை ஏற்காது, பெயருக்கு முன்னே நின்றாலே போதும். இலத்தீனில் எச்சம் தான் தழுவும் பெயரின் உருபைத் தானும் ஏற்றுக்கொள்வதால், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ‘தோனா’ என்றால் பரிசுகளை. அது எச்சத்தின் செயப்படுபொருள். ‘எத்’ என்பது வழக்கமாக ‘உம்’ என்ற இணைப்புப் பொருள் தரும். இங்கே அது ‘கொண்டுவந்தாலும்’ என்பதிலுள்ள உம்மை போல ‘கூட’ என்று பொருள்படுகிறது. எனவே ‘பரிசு கொண்டுவந்தாலும் கிரேக்கரை நான் அஞ்சுகிறேன்’. ‘எத்’தை வெறும் இணைப்பாகக் கொண்டு ‘கிரேக்கரையும் பரிசுகளையும்’ என்று தொடங்கிவிட்டால் எச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாற நேரும்.

ஐந்தாம் படி: முன்னொட்டுகளைச் சேர்த்தல்

தனி வினையைவிட முன்னொட்டு ஏற்ற வடிவங்களே நூல்களில் மிகுதி. முன்னொட்டின் கடைசி மெய் அடுத்த எழுத்தின் இனமாகத் திரியும் என்ற ஒரே விதியை நினைவில் கொண்டால் போதும். ‘நோக்கி’ என்னும் ‘அத்’ ஃபெரோவோடு சேர்ந்து அஃப்ஃபெரோ, துலீயோடு சேர்ந்து அத்துலீ, லாத்துமோடு சேர்ந்து அல்லாத்தும் ஆகிறது. மூன்று பத்திகளிலும் முன்னொட்டின் முகம் மாறிவிடுவதால்தான் ‘அல்லாத்தும்’ என்று கண்டவர் அகராதியில் எங்கே தேடுவது என்று திகைக்கிறார்.

எல்லாவற்றிலும் கடினமானது ‘எடுத்துச்செல்லுதல்’ என்ற பொருளுடைய வினை: அவ்ஃபெரோ, அப்ஸ்துலீ, அப்லாத்தும். நிகழ்காலத்தில் வரும் ‘அவ்’ என்பது ‘அப்’ என்பதன் திரிபன்று. வடமொழியின் ‘அவ’ என்ற முன்னொட்டுக்கு உறவான தனிச்சொல். ஆக இந்த ஒரு வினையில் முன்னொட்டும் இரண்டு, வேரும் இரண்டு. ‘அப்ஸ்துலெரத்’ என்ற வடிவத்தைச் சந்தித்தால், இறுதியிலுள்ள ‘எரத்’ முன்னிறந்தகாலப் படர்க்கை என்றும், நடுவிலுள்ள ‘துல்’ இரண்டாம் பத்தி என்றும், ‘அப்ஸ்’ முன்னொட்டு என்றும் பின்னாலிருந்து உரித்து, ‘அவன் எடுத்துச்சென்றிருந்தான்’ என்று முடிவுக்கு வரலாம். இலத்தீன் வேற்றுமைகளில் ஒன்றான ‘அப்லாத்தீவுஸ்’ என்ற பெயர் இந்த ‘அப்லாத்தும்’ அடியில் தோன்றியது. எடுத்தல், அகற்றல் என்பது பொருள். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு முதலாவதாகச் சொல்லும் பொருள் ‘நீங்கல்’ என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

‘ஒன்றுசேர்த்தல்’ என்னும் கோன்ஃபெரோ, கொந்துலீ, கொல்லாத்தும் ஆய்வு செய்பவர்களுக்குத் தெரியாமலேயே பழக்கமானது. அடிக்குறிப்புகளில் ‘சி.எஃப்.’ என்று சுருக்கி எழுதுவது இதன் ஏவல் ஒருமையான ‘கோன்ஃபெர்’தான்: ‘இதனோடு சேர்த்துப் பார்’. மூன்றாம் படியில் பார்த்த, எகரம் இழந்த ஏவல் இதுவே. அதை ‘காண்க’ என்ற பொருளில் எல்லா இடத்திலும் போடுவது சரியன்று. ஒப்பிடத்தக்க வேறு கருத்தைச் சுட்டும் இடத்தில்தான் அது பொருந்தும்.

‘திரும்பக் கொண்டுவருதல்’ என்பது ரெஃபெரோ, ரெத்துலீ, ரெலாத்தும். இங்குள்ள ‘ரெத்துலீ’யில் தகரம் உண்மையாகவே இரட்டிக்கிறது, அதன் காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன். ஆங்கிலம் இந்த வினையின் இரண்டு அடிகளையும் தனித்தனியே கடன் வாங்கி ‘ரெஃபர்’, ‘ரிலேட்’ என்று இரு சொற்களாக்கிக்கொண்டது. ‘டிரான்ஸ்ஃபர்’, ‘டிரான்ஸ்லேட்’ என்பவையும் அப்படியே ஒரே வினையின் இரு முகங்கள். மின்னஞ்சலில் தலைப்புக்கு முன் வரும் ‘ரீ’ ரெஃபெரோவின் சுருக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது ‘பொருள், விவகாரம்’ என்ற பெயர்ச்சொல்லான ‘ரேஸ்’ என்பதன் வேற்றுமை வடிவம்.

‘முன்னே கொண்டுவந்து வைத்தல்’ ஒஃப்ஃபெரோ, ஒப்துலீ, ஒப்லாத்தும். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் அமலமரித் தியாகிகள் என்று அழைக்கும் துறவற சபையின் இலத்தீன் பெயரிலுள்ள ‘ஒப்லாத்தீ’ இதன் பன்மை எச்சம். ‘ஒப்புக்கொடுக்கப்பட்டவர்கள்’ என்பது சொற்பொருள். நரம்பியலில் உணர்வை உள்ளே கொண்டுவருவது ‘அஃபெரென்ட்’ நரம்பு, கட்டளையை வெளியே கொண்டுசெல்வது ‘எஃபெரென்ட்’ நரம்பு. ஓரெழுத்து வேறுபாட்டால் தேர்வில் குழம்பும் மருத்துவ மாணவர்கள், ‘அத்’ என்றால் நோக்கி, ‘எக்ஸ்’ என்றால் வெளியே என்று முன்னொட்டைப் பிடித்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீரும்.

‘பிரித்துக் கொண்டுசெல்லுதல்’ என்ற திஃப்ஃபெரோ ‘வேறுபடுதல்’, ‘தள்ளிப்போடுதல்’ என்று இருபொருள் கொண்டது. ஆங்கிலத்தின் ‘டிஃபர்’, ‘ஒத்திவை’ என்ற பொருளிலுள்ள ‘டெஃபர்’ ஆகிய இரண்டுக்கும் அதுவே தாய். மற்றவற்றை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம், அமைப்பு ஒன்றேதான்.

ஆறாம் படி: வேரைத் தேடுதல்

வில்லியம் ஜோன்ஸ் 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றார். 1816இல் ஃபிரான்ஸ் பாப் என்ற ஜெர்மன் மொழியியலாளர் அம்மொழிகளின் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு அதை இலக்கண அடிப்படையில் நிறுவத் தொடங்கினார். அத்தகைய ஒப்பீட்டுக்கு ஃபெரோ மிகச்சிறந்த எடுத்துக்காட்டு. வடமொழியில் ‘பரதி’, கிரேக்கத்தில் ‘ஃபெரோ’, ஆர்மீனியத்தில் ‘பெரெம்’, பழைய ஜெர்மானிய மொழியான காதிக்கில் ‘பைரன்’, ஆங்கிலத்தில் ‘பேர்’. மூலமொழியின் மூச்சுடன் கூடிய பகரம் வடமொழியில் அப்படியே நிற்க, இலத்தீனில் சொல்முதலில் ஃபகரமாகவும், ஜெர்மானிய மொழிகளில் மூச்சில்லாத பகரமாகவும் மாறியது. உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘பிராதா’, ‘ஃப்ராத்தேர்’, ‘பிரதர்’ என்ற மூன்றிலும் இதே ஒழுங்கைக் காணலாம். இப்படிப் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒலிமாற்றமே உறவுக்குச் சான்று. ஒரு சொல்லின் தற்செயல் ஒற்றுமை சான்றாகாது.

இலத்தீனுக்குள்ளேயே இந்த வேரின் எதிர்பாராத பிள்ளைகள் உண்டு. தற்செயலாக வந்து சேர்வதைக் குறிக்கும் ‘ஃபோர்ஸ்’, அதிலிருந்து பிறந்த ‘ஃபோர்த்தூனா’ என்னும் நற்பேறு, பிறர் பொருளைத் தூக்கிச்செல்லும் திருடனைக் குறிக்கும் ‘ஃபூர்’ ஆகியவை இக்குடும்பத்தவை. ஒளியைச் சுமப்பது என்னும் ‘லூகிஃபெர்’ விடிவெள்ளியின் பெயர். அதற்கு நேரான கிரேக்கச் சொல் ‘ஃபோஸ்ஃபோரோஸ்’, அதாவது பாஸ்பரஸ். இரண்டு பக்கமும் கைப்பிடி கொண்டு சுமக்கப்படும் சாடியான ‘ஆம்ஃபோரா’வும் கிரேக்க வழி வந்த உறவினரே, அத்தகைய சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

துலீ, லாத்தும் இரண்டும் ‘தூக்குதல்’ என்ற பொருளுடைய மற்றொரு வேரிலிருந்து வந்தவை. ‘தூக்குகிறேன்’ என்னும் தொல்லோ, ‘பொறுக்கிறேன்’ என்னும் தொலெரோ, கிரேக்கத் தொன்மத்தில் வானத்தைத் தாங்கும் அட்லஸ் ஆகியவை இதன் கிளைகள். திருப்பலியில் ‘உலகின் பாவங்களைப் போக்கும்’ என்று வரும் இடத்தில் இலத்தீன் மூலம் ‘தொல்லிஸ்’ என்கிறது. ‘லாத்துஸ்’ முதலில் ‘த்லாத்துஸ்’ ஆக இருந்தது. சொல்முதலில் தகரமும் லகரமும் மயங்குவதை இலத்தீன் ஏற்காததால் தகரம் உதிர்ந்தது. ஆகவே மூன்று அடிகளாகத் தெரிபவை உண்மையில் இரண்டு வேர்களே. ‘துலீ’யின் பழைய வடிவம் ‘தெத்துலீ’ என்று பிளாட்டஸின் நாடகங்களில் காணப்படுகிறது. முதலசை இரட்டிக்கும் அந்த வடிவத்தோடு ‘ரெ’ சேர்ந்து, நடுவிலுள்ள எகரம் தேய்ந்ததால்தான் ‘ரெத்துலீ’யில் தகரம் இரட்டித்தது.

ஏன் இரண்டு வேர்கள் தேவைப்பட்டன? முதல் வேர் தொடர்ந்து நடக்கும் செயலைச் சொல்வது. முடிந்த செயலுக்கு அதற்கு இயல்பான வடிவம் இல்லை. கிரேக்கமும் இதே நெருக்கடிக்கு வேறு இரண்டு வேர்களைத் துணைக்கு அழைத்து ஃபெரோ, ஒய்ஸோ, ஏனெங்க என்று வினையை நிரப்பிக்கொண்டது. இலத்தீன் அதற்காகத் தொல்லோவின் இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. பறிகொடுத்த தொல்லோ, ‘சுஸ்துலீ’, ‘சுப்லாத்தும்’ என்று முன்னொட்டுடன் கூடியவற்றைத் தனக்கு வைத்துக்கொண்டது.

இந்த இரண்டு வேர்களும் தமிழில் வடசொற்களாக வழங்குகின்றன. முதல் வேரிலிருந்து பாரம். தாங்குபவன் என்னும் பொருளில் கணவனைக் குறிக்கும் பர்த்தா. தாங்கப்பட வேண்டியவள் என்னும் பொருளில் மனைவியைக் குறிக்கும் பாரியாள். கடைசிச் சொல்லின் அமைப்பு இலத்தீன் ‘ஃபெரெந்தா’வின் பொருளோடு ஒத்துப்போகிறது. கூட்டுப் பொருள்களைக் குறிக்கும் சம்பாரம், பொருளமைப்பில் கோன்ஃபெரோவின் இணை. இரண்டாம் வேரிலிருந்து துலாம், துலாக்கோல். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நீர் தூக்கும் துலாவும் அதுவே. இரண்டும் ஒன்றாக நிற்கும் சொல் துலாபாரம்: கோயிலில் ஒருவரின் எடைக்கு எடை காணிக்கை வைக்கும் அந்தச் சொல்லில் துலீயும் ஃபெரோவும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

ஏழாம் படி: போலிகளை விலக்குதல்

உறவு காணும் ஆர்வத்தில் தமிழின் ‘பொறு’, ‘பெறு’ என்பவற்றையும் ஃபெரோவோடு இணைத்துவிடக் கூடாது. ஒலியும் பொருளும் நெருங்கினாலும் அவை திராவிட வேர்கள். பாப்பின் நூல் வெளியான அதே 1816இல் எல்லிஸ், பின்னர் 1856இல் கால்டுவெல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டிய பிறகு இத்தகைய இணைப்புக்கு ஒழுங்கான ஒலிமாற்றச் சான்று தேவை. இங்கே அது இல்லை.

இலத்தீனுக்குள்ளும் போலிகள் உண்டு. இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரும்’, காட்டுத்தனமான என்னும் ‘ஃபெருஸ்’, அடிக்கிறேன் என்னும் ‘ஃபெரியோ’ ஆகியவற்றுக்கும் நம் வினைக்கும் தொடர்பில்லை. சட்ட மாணவர்கள் காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கும் ‘ஃபெரை நாத்தூரை’ என்ற தொடரும் ‘ஃபெருஸ்’ வழி வந்ததே. ‘லாத்துஸ்’ என்ற அதே வடிவத்தில் ‘அகலமான’ என்று பொருள்படும் வேறொரு சொல் உண்டு. அட்சரேகையைக் குறிக்கும் ‘லாட்டிடியூட்’ அதிலிருந்து வந்தது. முதல் உயிர் குறிலாக ‘லத்துஸ்’ என்று ஒலித்தால் ‘பக்கம்’ என்று பொருள். அச்சிட்ட நூல்கள் பெரும்பாலும் நெடில்கோடு போடுவதில்லை என்பதால் இம்மூன்றும் தாளில் ஒன்றாகவே தெரியும். அருகிலுள்ள பெயரின் வேற்றுமையைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் சோதித்துப் பார்க்க ‘ஃபெரம்’ ஏற்றது. அது ‘சுமப்பேன்’ ஆகலாம், ‘சுமப்பேனாக’ ஆகலாம், ‘காட்டு விலங்கை’ என்ற இரண்டாம் வேற்றுமைப் பெயராகவும் ஆகலாம். தொடரில் வேறு வினைமுற்று இருந்து அதற்குச் செயப்படுபொருள் தேவைப்பட்டால் விலங்கு. ‘உத்’ போன்ற இணைப்புச் சொல் முன்னால் நின்று நோக்கத்தைச் சுட்டினால் சப்ஜங்டிவ். இவ்விரண்டும் இல்லாமல் தானே முதன்மை வினையாக நின்றால் பெரும்பாலும் எதிர்காலம்.

அகராதிகளில் 1879இல் வெளியான லூயிஸ், ஷார்ட் இருவரின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேர் விளக்கங்களில் அது பழமையானது. மேற்கோள்களுக்கு இன்றும் பயன்படும். 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வெளியான ஆக்ஸ்போர்டு இலத்தீன் அகராதி பொருள்களைத் துல்லியமாகப் பிரிக்கிறது. இரண்டிலும் ஃபெரோவின் பதிவு நீளமானது. முதல் முறை படிக்கும்போது பொருள் எண்களை மட்டும் வரிசையாகப் பார்த்துச் செல்லுங்கள். மேற்கோள்களை இரண்டாம் முறைக்கு ஒதுக்குங்கள்.